ஜனாதிபதி தொடாத சுவிட்ச்

மின்சாரத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலிலேயே எச்சரித்துவிடுகிறேன். நான் கேபிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அவ்வளவு பேசுவேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும், சாலையோரத்தில் யாராவது குழி தோண்டினால் எட்டிப் பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. போன வாரம்கூடப் பேருந்தை விட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்த்தேன். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டது உங்கள் தப்பு, இனி மாட்டிக்கொண்டீர்கள்.

உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருப்பது எதையும் நான் சொல்லப் போவதில்லை. எந்த சுவிட்சை எந்த வரிசையில் திறப்பது, எங்கே பூட்டுப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப் போவது ஓர் அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றியும், நம் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் தோண்டிய ஒரு குழியைப் பற்றியும், அந்தக் குழியில் இறங்க வேண்டியிருந்த வீரமுத்து என்பவரைப் பற்றியும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தேக்காவில், பஃபலோ ரோட்டுப் பக்கம், இன்னும் நாலு பேரோடு ஓர் அறையில் குடியிருந்தேன். அடடா, என்ன காலம்! அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகளிலும் கடைவீட்டு மாடிகளிலும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஜனங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போன மாதம் செம்மண் மேடாக இருந்த இடத்தில் இந்த மாதம் பத்து மாடி நிற்கும். நிற்கிற ஒவ்வொரு மாடிக்கும் கரண்ட் வேண்டும். எங்களுக்குச் சாப்பிட நேரமில்லை, ஆனால் சாப்பாடு நினைவுக்கே வராது. நேற்றுவரை மண்ணெண்ணெய் விளக்கு வைத்திருந்த வீட்டுக்காரர்கள் முதல்முதலாக சுவிட்சைப் போட்டுவிட்டு மேலே பார்ப்பார்களே, அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே சம்பளம் இல்லாமல்கூட வேலை செய்திருப்பேன். இதை அப்போது மேலதிகாரியிடம் சொல்லவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

என் வேலை சப்ஸ்டேஷனில். எந்தக் கேபிளில் வேலை நடக்க வேண்டுமோ அதன் சுவிட்சைத் திறந்து, கரண்டை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். பிறகு "இந்தக் கேபிளில் கரண்ட் இல்லை, வேலை செய்யலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்ட காகிதத்தைக் குழி தோண்டும் கூட்டத்திடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்கு பெர்மிட் என்று பெயர். அதைக் கொடுத்துவிட்டால் என் பங்கு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இப்போது ஜனாதிபதிக்கு வருகிறேன். எனக்குப் பழைய புத்தகப் பைத்தியம் உண்டு. பிராஸ் பாசா ரோட்டுக் கடைகளில் அட்டை கிழிந்த புத்தகமாகப் பார்த்து வாங்குவேன், அதுதான் மலிவு. அப்படி அகப்பட்ட ஒரு புத்தகத்தில் மின்சாரம் உலகத்தில் பரவிய கதை இருந்தது. அதில் ஒரு ஜனாதிபதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் இருந்த மாளிகைக்கு முதல்முறையாக மின்விளக்கு போட்டார்களாம். படைக்குத் தலைமை தாங்கி யுத்தத்தில் நின்ற மனிதர் அவர். ஆனால் சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடித்துவிடும் என்று பயந்து அவரும் அவர் மனைவியும் கடைசிவரை கையே வைக்கவில்லையாம். விளக்கைப் போடுவதும் அணைப்பதும் மாளிகையின் வேலைக்காரர்கள்தான்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மறுநாளே சாப்பாட்டு நேரத்தில், லாரி நிழலில் உட்கார்ந்திருந்த கேபிள் கூட்டத்துக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மண்டோர் அருள்தாஸும் சிரித்தார். வேலை வாங்குகிற மேஸ்திரியை நாங்கள் மண்டோர் என்போம். அருள்தாஸ் ஞாயிறு தவறாமல் தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடுகிறவர், அந்தக் குரலில்தான் எங்களையும் அதட்டுவார். கேபிளை ஒட்டுப்போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கெட்ட மனிதர் இல்லை, இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஜனாதிபதியைவிடத் தன் மாமியாருக்குத் தைரியம் அதிகம் என்றார். இன்னும் சிரிப்பு.

வீரமுத்து மட்டும் சிரிக்கவில்லை. நாற்பதை நெருங்கியவர், தோள் அகலமானவர், வாய் திறந்து பேசுவதே அபூர்வம். சோற்றுக் கையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அந்த வெளக்கை அணைச்ச ஆளுக்குப் பயம் இல்லையா தம்பி?"

புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இல்லையண்ணே, அவன் பேச்சே காணோம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். நானும் வேறு பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் குவீன்ஸ்டவுன் கேபிள் அறுந்தது. ஒரு பெரிய சாக்கடைக்குப் பக்கத்தில் எவனோ ஒரு கான்ட்ராக்டர் மண் வெட்டும் இயந்திரத்தை விட்டு எங்கள் கேபிளைக் கடித்துக் குதறிவிட்டான். காலையிலேயே பாதி வட்டாரத்துக்குக் கரண்ட் போய்விட்டது. அன்றைக்கென்று பார்த்து, சாயங்காலம் ஒரு புதுக் கட்டடத்தில் வீட்டுச் சாவி கொடுக்கும் விழா. மேடை போட்டாயிற்று, கலர் பல்பு கட்டியாயிற்று, பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள். எங்கள் எஞ்சினியரிடம் அருள்தாஸ் போனில் வாக்குக் கொடுத்துவிட்டார், விழாவுக்கு முன்னால் கரண்ட் வந்துவிடும் என்று. கீழ்த்தளத்துக் காப்பிக்கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, அவர் வேறு, ஐஸ் எல்லாம் உருகுகிறது, எப்போது வரும் எப்போது வரும் என்று எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நான் சப்ஸ்டேஷனில் என் வேலையை முடித்துப் பூட்டிவிட்டு, பெர்மிட்டோடு வந்து சேர்ந்தேன். சிக்கல் இதுதான். சாக்கடையின் இந்தப் பக்கம் இரண்டு கேபிள்கள் அருகருகே ஓடின. இடதுபக்கக் கேபிள்தான் அறுந்தது, கண்ணாலேயே தெரிந்தது. வலதுபக்கத்தில் முழுக் கரண்ட், வட்டாரத்தின் மறுபாதியை அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. அறுந்த வாயில் சாக்கடைத் தண்ணீர் ஏறிவிட்டதால், சாக்கடைக்கு அந்தப் பக்கம் குழி தோண்டி, நனையாத இடத்தில் கேபிளை வெட்டிப் புதுத் துண்டைச் சேர்க்க வேண்டும். அந்தப் பக்கம் தோண்டினால் அங்கேயும் இரண்டு கேபிள்கள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே தடிமன், ஒரே கறுப்பு. இடையில் சாக்கடைக்கு அடியில் அவை எப்படிப் போகின்றன என்று மேலிருந்து தெரியாது.

எந்தக் கேபிள் எது என்று கண்டுபிடிக்கும் கருவி அன்றைக்கு வேறொரு கூட்டத்தோடு ஜூரோங் பக்கம் போயிருந்தது. அருள்தாஸ் ஒரு நொடி யோசித்தார். அங்கே இடது என்றால் இங்கேயும் இடதுதான், ஆணியை அடிங்கள் என்றார்.

ஆணி அடிப்பது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், இப்போது நீங்கள் தூரத்தில் நின்று பொத்தானை அழுத்துகிறீர்கள். அப்போது கேபிளை வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் ஒரு நீள இரும்பு ஆணியைக் கவ்வியில் பொருத்தி, ஓர் ஆள் குழிக்குள் இறங்கிச் சுத்தியலால் அடித்து இறக்குவான். செத்த கேபிள், அதாவது கரண்ட் இல்லாதது என்றால் ஓர் ஓட்டை விழும், அவ்வளவுதான். கரண்ட் இருந்தால் குழியே வெடித்துத் தீப்பிழம்பு கிளம்பும். கையில் போட்டிருக்கிற ரப்பர் உறை அதற்கு முன்னால் காகிதம்தான்.

அந்த ஆள் எங்கள் கூட்டத்தில் எப்போதும் வீரமுத்துதான்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. குழியில் இறங்குவதற்கு முன்னால் சட்டைப்பையிலிருந்து தன் ஐசியை எடுத்துப் பக்கத்தில் நிற்கிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார். அடையாள அட்டை நனைந்துவிடக் கூடாது என்று கொடுக்கிறார் என்றுதான் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். ஒரு தரம் யாரோ கேட்டபோது, கருகிப்போனா ஆள் யாருன்னு தெரியணும்ல என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்களாம். ஐசி கொடுத்தாச்சு, இனி அடி விழும் என்பது எங்களுக்குள் ஒரு கேலிப்பேச்சாகவே ஆகிவிட்டது.

அன்றைக்குப் பக்கத்தில் நின்றது நான். அட்டை என் உள்ளங்கைக்கு வந்தது. அவர் உடம்புச் சூடு அதில் இருந்தது, வியர்வை ஈரம் இருந்தது. படத்தில் இன்னும் இளமையாக, தலையைப் படிய வாரிக்கொண்டு, கேமராவைக் கண்டு மிரண்டுபோய் நின்றிருந்தார். அந்த ஒரு நொடியில் எனக்கு லாரி நிழலும், சோற்றுக் கையோடு அவர் கேட்ட கேள்வியும் அப்படியே வந்து நின்றன. மாளிகையில் விளக்கை அணைத்தவனைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை என்று சொன்னேனே, அவனுடைய அட்டை இப்போது என் கையில் இருக்கிறது! பயப்படுவதில் வெட்கம் எதுவும் கிடையாது, பிள்ளைகளே. ஜனாதிபதி பயந்தார், நியாயம்தான். பயந்த கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இன்னொருவன் கையை நீட்டச் சொன்னாரே, அங்கேதான் எனக்குக் கொதித்தது.

வீரமுத்து குழிக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். என் வாய் தானாகத் திறந்தது.

"மண்டோர், செத்த கேபிள்னு சொல்றவங்கதான் அடிக்கணும்."

மண்வெட்டிச் சத்தம் நின்றுபோனது. அருள்தாஸ் திரும்பிய வேகத்தில் நான் இரண்டடி பின்வாங்கினேன். அவர் கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"சுவிட்சைத் திறந்தது யாரு? நீ. கையெழுத்துப் போட்டது யாரு? நீ. செத்துப்போச்சுன்னு சொன்னது நீதான் தம்பி. இறங்கு."

பேச்சு சரிதானே! என் வாயாலேயே நான் மாட்டிக்கொண்டேன். சுற்றி நின்றவர்களுக்கு உள்ளூரக் கொண்டாட்டம், காகிதம் தூக்குகிற பையன் இப்போது என்ன செய்யப் போகிறான் என்று. வீரமுத்து வேண்டாம் தம்பி, நானே போறேன் என்று என் தோளைப் பிடித்தார். நான் அவருடைய ஐசியை அவரிடமே கொடுத்தேன். அதோடு என் ஐசியையும் எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினேன்.

இறங்கிப் பாருங்கள், அப்போதுதான் தெரியும். மேலே நிற்கும்போது கேபிள் என்பது ஒரு கறுப்புக் கோடு. குழிக்குள் அது உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. சுத்தியலைத் தூக்கினேன். தூக்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நான் திறந்த சுவிட்ச் எனக்குத் தெரியும். பூட்டு தெரியும், சாவி என் பையில் இருக்கிறது, தலையை அடகு வைத்துச் சொல்வேன். ஆனால் நான் திறந்த சுவிட்சும் என் முன்னால் கிடக்கிற இந்தக் கேபிளும் ஒன்றுதான் என்று எனக்கு யார் சொன்னது? அங்கே இடது என்றால் இங்கேயும் இடது. அவ்வளவுதான் ஆதாரம். மேலே நின்றபோது நானும் அதை ஒப்புக்கொண்டுதான் இருந்தேன், என் கை ஆணிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அது எவ்வளவு ஓட்டைப் பேச்சு என்று புரிந்தது. பயந்துபோனேன். அந்தப் பயத்தைப் போல ஒரு நல்ல ஆசானை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறினேன். கேபிள் வந்த வழியைக் கையால் தடவிப் பார்க்காமல் நான் அடிக்க மாட்டேன், வேறு யாரையும் அடிக்க விடவும் மாட்டேன் என்றேன். அருள்தாஸுக்கு இப்போது குரல் வந்துவிட்டது. விழா நின்றுபோனால் எஞ்சினியருக்கு யார் பதில் சொல்வது, சாக்கடைக் கான்கிரீட்டை உடைத்தால் எவ்வளவு நேரம் போகும், நேற்று வந்த பொடியன் எனக்குப் பாடம் சொல்கிறாயா என்று பிடித்துத் தள்ளாத குறையாகக் கத்தினார். தவுக்கேகூட எட்ட நின்றுகொண்டார்.

 அப்போதுதான் என்னிடம் ஒரே ஒரு அதிகாரம் இருப்பது ஞாபகம் வந்தது. கையை நீட்டி, பெர்மிட்டைத் திருப்பித் தாங்க மண்டோர் என்றேன். காகிதம் என் கைக்கு வந்துவிட்டால் அந்தக் குழியில் ஒருத்தரும் எதையும் தொட முடியாது. அது என் வேலைக்கே உலை வைக்கிற பேச்சு என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், ஒடைங்கடா சாக்கடையை என்றார்.

உடைத்தார்கள். அடேயப்பா, என்ன வேகம்! நாலு பேர் கடப்பாரை போட, அறுந்த கேபிளின் மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, நான் சேற்றில் படுத்துக்கொண்டு அதைக் கையால் தடவியபடியே போனேன். கேபிளை வெளியே தொட்டால் ஒன்றும் செய்யாது, உறை இருக்கிறது. ஒரு கை தூரம், இன்னொரு கை தூரம். சாக்கடைக்கு நடுவே வந்தபோது என் கை மேட்டில் ஏறியது. அறுந்த கேபிள் மற்றதன் முதுகின் மேல் ஏறி, தாண்டி, வலதுபக்கம் போய்விட்டது! கேபிளைப் போட்ட காலத்தில் எவனோ வசதிக்காக ஒன்றன் மேல் ஒன்றைப் போட்டு மாற்றிவிட்டிருக்கிறான். நான் போட்ட கூச்சலில் மேலே இருந்தவர்கள் எனக்கு ஷாக் அடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

அருள்தாஸ் தானே சாக்கடைக்குள் இறங்கினார். என் பக்கத்தில் படுத்து, அந்த இடத்தைக் கையால் தடவினார். ஒரு தரம், மறுபடியும் ஒரு தரம். அந்தப் பக்கம் இடதில் கிடந்தது, ஆணி பொருத்தித் தயாராக இருந்தது, பாதி வட்டாரத்தைத் தாங்கும் உயிருள்ள கேபிள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வீரமுத்து அதை அடித்திருப்பார்.

பிறகு ஆணியைக் கழற்றி வலதுபக்கக் கேபிளில் பொருத்தினார்கள். சுத்தியலை எடுக்க வீரமுத்துவும் குனிந்தார், நானும் குனிந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே அருள்தாஸின் கை வந்து அதை எடுத்துக்கொண்டது.  அவர் தன் ஐசியை எடுத்து வீரமுத்துவிடம் கொடுத்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார்.  ஒரே அடி. டொக்கென்று ஒரு சத்தம், ஒன்றுமே ஆகவில்லை. அந்த 'ஒன்றுமே ஆகவில்லை' என்பதற்கு நாங்கள் தேர் நிலைக்கு வந்துவிட்டதுபோல் ஆர்ப்பரித்தோம்.

விழாவுக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. பெரிய மனிதர்கள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சாவி கொடுத்தார்கள். எஞ்சினியர் என்னையும் அருள்தாஸையும் வரிசையாக நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்தார். வாக்குக் கொடுத்தது தப்பு, தாமதித்தது தப்பில்லை என்று அருள்தாஸ் ஒரே வரியில் முடித்துக்கொண்டார், என் பெயரை இழுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் செத்தது என்று சொன்னவன்தான் அடிப்பான். எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதியில்லை, யாரும் உத்தரவு போடவும் இல்லை. எங்களைப் பார்த்து மற்றக் கூட்டங்களும் பிடித்துக்கொண்டன. செம்பவாங் பக்கம் வேலை பார்த்த ஆட்கள்கூட, மண்டோர் கேபிளைக் காட்டினால் சுத்தியலை அவர் பக்கம் நீட்டினார்களாம். அதனால் வேலை மெதுவாகிவிட்டது என்று மேலே புகார் போனது. ஆமாம், மெதுவாகத்தான் ஆனது! தானே அடிக்க வேண்டும் என்றால் எந்த மனிதனும் இரண்டாம் தரம் பார்ப்பான், நாங்கள் வேண்டியதும் அதுதான். இன்றைக்குப் பொத்தான் உங்கள் கையில் இருக்கிறது, குழியிலிருந்து வெகுதூரத்தில் நிற்கிறீர்கள். அழுத்துவதற்கு முன்னால், மனத்தளவிலாவது ஒருதரம் அந்தக் குழிக்குள் இறங்கி நின்று பாருங்கள்.

ஆனால் அன்று நடந்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியை இன்னும் சொல்லவில்லை. ஆணி இறங்கிய பிறகு அருள்தாஸ் குழியை விட்டு மேலே ஏறி, மண்குவியலின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.  வீரமுத்து போய் ஐசியைத் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு அருள்தாஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீரமுத்து, உன் வீட்ல யார் யாரு இருக்காங்க?"

"பொஞ்சாதி, ரெண்டு பொட்டப்புள்ளைங்க. நோரிஸ் ரோட்ல இருக்கோம். எதுக்குங்க மண்டோர்?"

"இத்தனை வருஷமா உன் ஐசியைக் குடுத்துட்டுத்தான் எறங்கினே. அதைக் கொண்டுபோய் யாருகிட்ட குடுக்கணும்னு நான் ஒருநாளும் கேட்டதில்லயே."

சொல்லிவிட்டு அவர் அழுதார். அவ்வளவு பெரிய குரல்காரர், சத்தமே இல்லாமல் அழுதார்.  வீரமுத்துவும் மண்குவியலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஐசியைக் குடுக்கத்தான் வரணுமா? ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டுச் சாப்பிட வாங்க மண்டோர். தம்பியையும் கூட்டிட்டு வாங்க."

போனோம். ஆட்டுக்கறிக் குழம்பு.